பழைய ரூட்டர மாடியில மாட்டறதா, எக்ஸ்டெண்டர் வாங்கறதா, இல்ல மெஷ்ஷுக்கே போயிடறதா?

ஃபைபர் கனெக்‌ஷன் எடுத்த எந்த வீட்டுக்கு போனாலும் பரண்லயோ டிவி ஸ்டாண்டு கீழயோ ஒரு பழைய ரூட்டர் தூசி படிஞ்சு கெடக்கும், புதுக் கம்பெனிக்காரங்க அவங்க பெட்டிய மாட்டிட்டு போயிருப்பாங்க, பழசு நல்லாத்தான் இருக்கும் ஆனா வேலை இல்ல. அதே வீட்டு மாடி ரூம்ல வைஃபை ஒத்தக் கோட்டுல இழுத்துட்டு இருக்கும். அந்த பழசையே மேல மாட்டி சமாளிச்சுடலாமா, இல்ல காசு போட்டு எக்ஸ்டெண்டரோ (வர்ற வைஃபைய வாங்கி திரும்ப பரப்பற பெட்டி) மெஷ்ஷோ (ஒரே வைஃபையா சேந்து ஓடற ரெண்டு மூணு பெட்டி) வாங்கணுமா, இதான் கேள்வி.

என் பதில மொதல்லயே சொல்லிடறேன். கீழ இருந்து மேல ஒரு லேன் கேபிள் இழுக்க முடியும்னா பழைய ரூட்டரே போதும், ரொம்ப பழசா இருந்தாலும் பெரும்பாலும் போதும். கேபிள் இழுக்கவே வழி இல்லன்னா பழச ரிப்பீட்டரா, அதாவது காத்துல வர்ற வைஃபையையே திரும்ப பரப்பற பெட்டியா மாத்தி மல்லுக்கட்டறதுக்கு பதிலா வேற வாங்கிடறது நல்லது. முடிவு பண்றது ரூட்டர் இல்ல, கேபிள்தான். கடைக்காரர் ஆன்டெனா எத்தனைன்னு எண்ணிக் காட்டுவார், அத எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

எதுக்கும் முன்னாடி சிக்னல் எங்க சாகுதுன்னு பாருங்க. நம்ம ஊர் தனி வீடுன்னா வெளிச்செவுரு 9 இஞ்ச் செங்கல், மாடிக்கு நடுவுல கம்பி கட்டி போட்ட கான்கிரீட் தளம், இந்த தளம்தான் பெரிய வில்லன். வைஃபை ரெண்டு பேண்டுல, அதாவது அலைவரிசைல வரும், 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரே ரூம்ல பறக்கும், ரெண்டு செவுரு தாண்டினா நொண்டும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஸ்பீடு கம்மி ஆனா செவுத்த தாண்டி கொஞ்சம் தூரம் போகும். ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுட்டு வீடு பூரா நடந்து பாருங்க, சிக்னல் எவ்வளவு பலமா இருக்குன்னு மைனஸ்ல டிபிஎம்னு ஒரு நம்பர் காட்டும், மைனஸ் 50 பக்கம் இருந்தா அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் ஒழுங்கா ஓடும், மைனஸ் 80 ஆயிடுச்சுன்னா வாட்ஸப் மெசேஜே யோசிச்சு யோசிச்சுதான் போகும். ரூட்டர் இருக்கற எடத்தையும் ஒரு தடவை பாருங்க, இன்ஸ்டால் பண்ண வந்த பையன் வயர் மிச்சம் பிடிக்க வாசக்கதவு ஓரமாவே மாட்டிட்டு போயிருப்பார், இல்லன்னா டிவி பின்னாடி, பக்கத்துலயே ஸ்டீல் பீரோ. இரும்பு பீரோவுக்கு பின்னாடி இருக்கற ரூம்ல வைஃபை தேடறது வீண் வேலை. ரூட்டர ஹால் நடுவுல, மாடிப்படி பக்கமா, ஆள் ஒசரத்துக்கு மேல ஏத்தினாலே சில வீட்ல பிரச்சனை முடிஞ்சுரும், காசும் இல்ல. ஃபைபர் வயர் எட்டலன்னா நீளமான பேட்ச் கார்டு கெடைக்குது, ஆனா அத மடக்கி ஒடிச்சுறாதீங்க, உள்ள இருக்கறது கண்ணாடி.

நகத்தியும் சரியாகலையா, அப்போ மொத ஆப்ஷன், பழைய ரூட்டர கேபிள் வழியா அக்சஸ் பாயிண்ட்டா போடறது.

இதுல என்ன நடக்குதுன்னா, கீழ இருக்கற மெயின் ரூட்டர்தான் எல்லாருக்கும் ஐபி, அதாவது நெட்வொர்க் அட்ரஸ் நம்பர் குடுக்கும், பழசு அந்த வேலையெல்லாம் விட்டுட்டு வெறும் வைஃபை பரப்பற பெட்டியா மட்டும் இருக்கும். இன்டர்நெட் கேபிள்ல வர்றதால காத்துல பாதி தொலையற கதையே கெடையாது. புது மாடல்கள்ல செட்டிங்ஸ்ல ஆபரேஷன் மோடுன்னு ஒரு எடத்துல அக்சஸ் பாயிண்ட்னு இருக்கும், அத அழுத்தினா வேலை முடிஞ்சுது. பழசுல அது இருக்காது, கையாலதான் செய்யணும், ஆனா இது ஒரு பெரிய வித்தையும் இல்ல.

வரிசை முக்கியம், அதனால அத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பழைய ரூட்டர மெயின் ரூட்டரோட சேக்காம தனியா ஆன் பண்ணுங்க, பின்னாடி ரீசெட் ஓட்டைல ஒரு ஊக்கு விட்டு பத்து செகண்டு பக்கம் அழுத்திப் பிடிங்க, லைட் எல்லாம் ஒரு தடவை மின்னி திரும்ப வரும். லேப்டாப்ப லேன் கேபிள்ல அதோட மாட்டி, அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அட்ரஸ்ல உள்ள போங்க, 192.168.0.1 இல்லன்னா 192.168.1.1னு இருக்கும். மொதல்ல வைஃபை பேரு, பாஸ்வேர்டு போட்டு சேவ் பண்ணுங்க. அடுத்து லேன் செட்டிங்ஸ்ல அதோட ஐபிய மெயின் ரூட்டர் குடும்பத்துல ஒரு நம்பரா மாத்தணும், மெயின் 192.168.1.1னா இதுக்கு 192.168.1.2 மாதிரி, ஜியோ ஃபைபர்னா மெயின் 192.168.29.1ல இருக்கும், அப்போ இதுவும் 192.168.29ல தொடங்கணும். மெயின் ரூட்டர் எந்த நம்பர்ல இருந்து எது வரைக்கும் போன்களுக்கு பங்கு போடுதுன்னு அதோட டிஹெச்சிபி (ஐபி பங்கு போடற வேலை) பக்கத்துல பாத்துட்டு, அதுக்கு வெளிய இருக்கற நம்பரா எடுங்க, எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கிட்டிருந்தா அந்த லிஸ்ட்ட கொஞ்சம் சுருக்கிடுங்க. சேவ் பண்ண உடனே பக்கம் அறுந்துரும், பயப்பட வேணாம், புது அட்ரஸ்ல திரும்ப உள்ள போனா போதும். கடைசியாத்தான் டிஹெச்சிபி சர்வர ஆஃப் பண்ணணும், ஏன்னா அத ஆஃப் பண்ணிட்டா லேப்டாப்புக்கு ஐபி குடுக்க ஆள் இருக்காது, அப்புறம் எந்த பக்கமும் தொறக்காது, இதுல மாட்டிக்கிட்டுதான் நிறைய பேரு ரூட்டர் போச்சுன்னு தூக்கிப் போடறாங்க.

அப்புறம் கேபிள். மேல வர்ற லேன் கேபிள பழைய ரூட்டரோட மஞ்சக் கலர் மாதிரி இருக்கற லேன் போர்ட்ல ஏதாவது ஒண்ணுல சொருகணும், தனியா வேற கலர்ல இருக்குமே வான் (WAN) போர்ட், வெளிய இருந்து இன்டர்நெட் வர்றது, அதுல இல்ல. வான்ல சொருகினாலும் சில சமயம் நெட் வரும், அதான் குழப்பமே, ஆனா மாடி தனி நெட்வொர்க் ஆயிடும், மேல இருந்து கீழ இருக்கற பிரிண்டர் தெரியாது, போன்ல இருந்து கீழ டிவிக்கு காஸ்ட் பண்ண முடியாது, ரெண்டு ரூட்டரும் ஒரே 192.168.1.1ல இருந்தா நெட்டே வராது. வான் போர்ட் மேல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டா நல்லது, வீட்ல வேற யாராவது கழட்டி மாட்டும்போது தப்பாப் போகாது.

வான் போர்ட் தேவையே இல்லைங்கறதால ஒரு நன்மை இருக்கு, ஃபைபர் வர்றதுக்கு முன்னாடி டெலிபோன் லைன்ல ஓடுச்சே ஏடிஎஸ்எல் மோடம், வைஃபையோட வந்தது, அதையும் இப்படியே போட்டுக்கலாம். போன் வயர் சொருகற ஓட்டை காலியா கெடக்கட்டும், லேன் போர்ட் ஒண்ணு இருந்தாலே போதும்.

இப்ப கேபிள் இழுக்கறது. காசு அதிகம் போறதும் ஆள் தேட வேண்டியதும் இங்கதான், ஆனா அது ஒரு தடவ செலவு, அடுத்து எந்த ரூட்டர் வாங்கினாலும் அதே கேபிள் உதவும். பெரும்பாலான வீட்ல கேபிள் டிவிக்கோ டிஷ்ஷுக்கோ மாடி வரைக்கும் செவுத்துக்குள்ள ஒரு பைப் போயிருக்கும், எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங் விட்டு அது வழியா இழுத்துடுவார். கரண்டு வயர் போற பைப்லயே சேத்து இழுத்துடறேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, பாதுகாப்புக்கும் ஆகாது, சிக்னலுக்கும் ஆகாது. இழுத்து முடிச்ச அப்புறம்தான் ரெண்டு முனையிலயும் கனெக்டர் அடிக்கணும், அடிச்ச கனெக்டர் பைப் வளைவுல நுழையாது.

கேபிள் ரகம் கேட்5இ (Cat5e) போதும், கேட்6 இன்னும் நல்லது, ரெண்டுமே 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும். ஆனா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ஆகட்டும் ஆன்லைன்ல ஆகட்டும், பாதி விலைக்கு கேட்6னு குடுத்தா சந்தேகப்படுங்க, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின கேபிள் நெறைய சுத்துது. பிளேடால உள்கம்பிய லேசா சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம், முழுசும் செம்பு நெறமாவே இருந்தா எடுத்துக்கோங்க. கனெக்டர் அடிக்கற ஆளு எட்டு கம்பிய விட்டுட்டு நாலு மட்டும் அடிச்சுட்டுப் போனா 100 எம்பிபிஎஸ் தாண்டாது, ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும், 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டுட்டு ஸ்பீடு டெஸ்ட்ல எப்பவும் 94 காட்டுதுன்னா மொதல்ல இதத்தான் பாக்கணும். வெளிச்செவுரு வழியாதான் போகணும்னா வெயில் தாங்கற அவுட்டோர் கேபிள் வாங்குங்க, சாதாரணது மேல்தோல் வெடிச்சுரும், இடி மின்னல் நேரத்துல கழட்டி விடறதும் நல்லது, பக்கத்துல விழற மின்னலுக்கே லேன் போர்ட் போயிடற கேஸ் உண்டு.

சரி எந்த பழைய ரூட்டர் தேறும்? நம்ம ஊர்ல அதிகமா கெடைக்கற ரகம் டிபி-லிங்க் 841என் மாதிரி, 2.4 மட்டும், அட்டைல 300னு போட்டிருக்கும், போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ். அந்த 300 சேனல் அகலத்த 40 மெகாஹெர்ட்ஸ்ல வச்சாத்தான், அக்கம் பக்கத்து வைஃபை நெருக்கத்துல 20ல தான் ஒழுங்கா ஓடும், அப்போ லிங்க் ஸ்பீடே 144, கையில கெடைக்கறது அதுல பாதி, கொஞ்சம் கூட இருக்கலாம். யூடியூபு, ஜூம், சிசிடிவி பாக்க இது தாராளம். 5 ஜிகாஹெர்ட்ஸும் ஜிகாபிட் போர்ட்டும் இருக்கற ஏசி (802.11ac) ரகம் வீட்ல கெடந்தா அது தங்கம், புதுசா எதுவும் வாங்க வேணாம். அதுக்கெல்லாம் முந்தின 54 எம்பிபிஎஸ் ஜி (802.11g) ரகம்னா விட்டுடுங்க, இப்ப இருக்கற போன்களுக்கு அது பத்தாது.

செக்யூரிட்டி விஷயம் ஒண்ணு. பழசுல வைஃபை பூட்டு வகைல டபிள்யூபிஏ2 (WPA2), ஏஇஎஸ் (AES)னு இருந்தா மட்டும் போடுங்க. டிகேஐபி (TKIP)ங்கற பழைய வகைக்கு மாத்தி வச்சீங்கன்னா பாதுகாப்பும் மட்டம், 841 மாதிரி என் (802.11n) ரகமா இருந்தாலும் ஸ்பீடு 54க்கு மேல ஏறாது, பல பேருக்கு இது தெரியாம ரூட்டர் ஸ்லோன்னு திட்டறாங்க. பாஸ்வேர்டு இல்லாம பட்டன்லயோ பின் நம்பர்லயோ சேத்துக்கற டபிள்யூபிஎஸ்ஸ (WPS) ஆஃப் பண்ணுங்க, அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க. கம்பெனி அப்டேட் நிறுத்திட்ட ரூட்டருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரூட்டருக்கான இலவச மாற்று சாஃப்ட்வேர்) போடலாமேன்னு கேப்பீங்க, போடலாம், ஆனா 4 எம்பி ஃபிளாஷ் 32 எம்பி ரேம் இருக்கற சின்ன ரூட்டர்கள்ல இப்ப வர்ற வெர்ஷன் ஏறாது, 841ல நிறைய வெர்ஷன் அந்த வகைதான். போடறவங்க ஓப்பன்டபிள்யூஆர்டியோட ரூட்டர் லிஸ்ட்ல அவங்க மாடலும் அடியில எழுதியிருக்கற வெர்ஷன் நம்பரும் பாத்துட்டு எறங்கணும், இல்லன்னா ரூட்டர் ஆனே ஆகாத செங்கல்லா போயிடும்.

ரெண்டாவது ஆப்ஷன், கேபிளே இல்லாம பழைய ரூட்டர ரிப்பீட்டரா ஓட்டறது. செட்டிங்ஸ்ல டபிள்யூடிஎஸ்னோ (WDS, ரெண்டு ரூட்டர வைஃபைலயே கோக்கற முறை) ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்னோ இருக்கும், அதுவும் எல்லாத்துலயும் இருக்காது. இதுல எனக்கு நம்பிக்கை கம்மி, காரணம் சொல்றேன். ஒரே ஒரு 2.4 ரேடியோ இருக்கற ரூட்டர் கீழ இருந்து வர்றதையும் வாங்கணும், உங்க போனுக்கும் குடுக்கணும், ரெண்டும் ஒரே சேனல்ல. சாரத்துல நிக்கற ஒத்த சித்தாள் கீழ இருந்து செங்கல் வாங்கிட்டு, திரும்பி மேல குடுத்துட்டு, திரும்ப குனியற மாதிரி, வாங்கும்போது குடுக்க முடியாது குடுக்கும்போது வாங்க முடியாது. அதனால ஸ்பீடு நேரா பாதிக்கு வந்துரும், அதுவும் வந்து சேர்ற சிக்னல் நல்லா இருந்தா. இதுல டபிள்யூடிஎஸ்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி வேற வேற மாதிரி செஞ்சு வச்சது, ஒரு கம்பெனி மெயினும் வேற கம்பெனி பழசும் கை குலுக்காமலே போகலாம், குலுக்கினாலும் மெயின் ரூட்டர் ஆட்டோல சேனல மாத்தினா அறுந்துரும், மெயின்ல சேனல ஒரு நம்பர்ல கட்டி வைக்கணும், கம்பெனி குடுத்த பெட்டில அந்த செட்டிங்ஸே பூட்டி வச்சிருப்பாங்க சில சமயம். ஒரு சாயங்காலம் பூரா இதுல போயிடும்.

எப்போ இது சரி? மேல இருக்கறது ஒரு பெரியவர் போனும் ஒரு ஸ்மார்ட் பல்பும்னா சரி. வாடகை வீடு, இன்னும் கொஞ்ச நாள்ல காலி பண்றோம்னாலும் சரி, காசில்லாம நடக்குதே. ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆள் மேல உக்காந்திருக்கார்னா வேணாம்.

மூணாவது, கடையில விக்கற எக்ஸ்டெண்டர், பிளக்ல நேரா சொருகற சின்னப் பெட்டி. இதுலயும் 2.4 மட்டும் இருக்கற மலிவு ரகம் மேல சொன்ன அதே நோயோடதான் வருது, அதுக்கு உங்க பழைய ரூட்டரே தேவலாம். ரெண்டு பேண்டும் இருக்கற ரகம் வாங்கினா மெயின்கிட்ட 5ல பேசிட்டு உங்களுக்கு 2.4ல குடுக்கும், பாதியாகற பிரச்சனை பெருசா இருக்காது. ஆனா சிக்னல் இல்லாத ரூம்லயே கொண்டு போய் சொருகறாங்க பாருங்க, அங்கதான் தப்பு, அதுக்கே சிக்னல் வரலன்னா அது எத பரப்பும்? பாதி வழியில, மாடிப்படி திருப்பத்துல, ஆப்ல மைனஸ் 65 பக்கம் காட்டற எடத்துல இருக்கற பிளக் பாயிண்ட் வேணும், நம்ம வீடுகள்ல அந்த எடத்துல பிளக் பாயிண்ட் இருக்கவே இருக்காது. வாங்கறதா இருந்தா லேன் போர்ட் இருக்கறதா பாருங்க, பின்னாடி கேபிள் இழுத்தா அதையே அக்சஸ் பாயிண்ட்டா மாத்திக்கலாம்.

நாலாவது மெஷ். டிபி-லிங்க்கோட டெக்கோ மாதிரி ரெண்டு மூணு பெட்டி சேந்து வர்றது. மேல கீழ நடக்கும்போது வீடியோ கால் அறுந்துடாம ஒரு பெட்டில இருந்து இன்னொண்ணுக்கு மாறறது இதுலதான் நல்லா இருக்கு, ஆப்ல ரெண்டு நிமிஷத்துல செட் பண்ணிடலாம், கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத அப்பா அம்மா தனியா இருக்கற வீட்டுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், போன்ல கூப்பிட்டு ரூட்டர் செட்டிங்ஸ் சொல்லிக்குடுக்கற கஷ்டம் இல்ல. ஆனா மெஷ்னா மந்திரம்னு நெனச்சு வாங்கிட்டு ஏமாறவும் செய்யறாங்க, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல போறதும் அதே வைஃபைதான், அதே கான்கிரீட்டத்தான் தாண்டணும். மெஷ்ஷையும் கேபிள்ல கோத்தாதான் முழு ஸ்பீடு. அப்ப பாருங்க, சுத்தி சுத்தி கேபிளுக்கே வந்துட்டோம். கம்பெனி குடுத்த பெட்டி ஏற்கனவே ரூட்டர் வேலை பாத்துட்டு இருக்கும், அதனால மெஷ்ஷ அக்சஸ் பாயிண்ட் மோடுல வைங்க, கம்பெனி பெட்டியோட வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க. வீட்ல கெடக்கறது ஆசஸ் ரூட்டரா இருந்தா ஒரு தடவ பாத்துட்டு செலவு பண்ணுங்க, ஆர்டி-ஏசி68யூ மாதிரி பழைய மாடல்களுக்கே 2018ல அப்டேட்ல ஏஐமெஷ்னு (ஆசஸோட மெஷ் வசதி) குடுத்தாங்க, இன்னொரு ஆசஸ் சேத்தா மெஷ் ஆயிடும்.

கரண்டு வயர் வழியாவே நெட் அனுப்பற பவர்லைன் அடாப்டர் பத்தியும் சிலர் கேக்கறாங்க. த்ரீ பேஸ் வீட்ல கீழ ஒரு பேஸ் மேல ஒரு பேஸ்ல இருந்தா படுத்துரும், ஒரு பக்கம் இன்வெர்ட்டர் லைன்ல இருந்தாலும் கஷ்டம். திருப்பிக் குடுக்கற வசதி இருந்தா மட்டும் வாங்கி முயற்சி பண்ணுங்க.

கேபிள் போட்டு பழைய ரூட்டர வச்சாச்சு, வைஃபை பேரு ரெண்டுக்கும் ஒண்ணா வைக்கறதா வேறயா? ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு, ஒரே செக்யூரிட்டி வகை, ஆனா சேனல் மட்டும் வேற, கீழ 1னா மேல 6 இல்லன்னா 11, ஏன்னா 2.4ல இந்த மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. எப்ப மாறணும்னு முடிவு பண்றது போன்தான், ரூட்டர் இல்ல, சில போன் கீழ பிடிச்சத விடாம மாடி வரைக்கும் தொங்கிட்டே வரும். அப்படி பிடிவாதம் பிடிக்கற போன் வீட்ல நெறைய இருந்தா மேல வேற பேரு வச்சுடுங்க, கையால மாத்திக்கலாம், இல்லன்னா கீழ ரூட்டர்ல டிரான்ஸ்மிட் பவர ஒரு படி கொறச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம், கேபிளும் போட்டு டபிள்யூடிஎஸ்ஸும் ஆன்ல விட்டா வீட்டு நெட்வொர்க் மொத்தமும் சுத்தி சுத்தி முட்டிக்கிட்டு நின்னுரும்.

கரண்டு செலவு பத்தி கவலை வேணாம், 6 வாட்ஸ்னு வச்சா ரெண்டு மாச பில்லுல 9 யூனிட் பக்கம்தான் கூடும். கரண்டு போகும்போது என்ன ஆகும்ங்கறதுதான் முக்கியம், கீழ ரூட்டர் இன்வெர்ட்டர்ல இருந்து மேல இருக்கறது இல்லன்னா மாடி மட்டும் செத்துரும், மேலயும் இன்வெர்ட்டர் லைன் பிளக்லயே மாட்டுங்க, இல்ல ரூட்டருக்குன்னு விக்கற மினி யூபிஎஸ் ஒண்ணு. அதுக்கு முன்னாடி அடாப்டர பாருங்க, பரண்ல கெடந்த ரூட்டரோட சொந்த அடாப்டர் பெரும்பாலும் வேற எதுக்கோ போயிருக்கும், 9 வோல்ட் ரூட்டர்ல 12 வோல்ட் அடாப்டர மாட்டினா பொகையும் வரலாம். அடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கற வோல்ட் அப்படியே இருக்கணும், ஆம்பியர் கூட இருக்கலாம், கம்மியா இருக்கக் கூடாது.

இவ்வளவும் பாத்துட்டு உங்க பழசு வைஃபைக்கு தேறாத ஜி ரகம்னு தெரிஞ்சாலும் எடைக்குப் போட வேணாம். டிஹெச்சிபியும் வைஃபையும் ஆஃப் பண்ணிட்டு ஐபிய மட்டும் மாத்தி டிவி பின்னாடி வச்சா நாலு போர்ட் சுவிட்ச்சா ஓடும், ஒரு போர்ட்ல மெயின்ல இருந்து வர்ற கேபிள், மிச்ச மூணுல டிவி, செட்டாப் பாக்ஸ், சிசிடிவி டிவிஆர். 100 எம்பிபிஎஸ் போர்ட்டா இருந்தாலும் 4கே படம் ஓட அது போதும்.